சிங்காரித்த காரில் சேற்று வாடை!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போன வாலிபர் தப்பியது எப்படி?

"சார், வண்டி சும்மா ராக்கெட் மாதிரி பறக்கும். ஒரே கை ஓட்டின வண்டி. டாக்டர் வண்டி. நாளைக்கு வந்தா இருக்காது!"

பழைய கார் வாங்கப் போகிறவர் காதில் விழும் முதல் மந்திரம் இதுதான். சென்னையில் விலைக்கு நிற்கிற பழைய கார் எல்லாமே டாக்டர் வண்டிதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் கியூ நிற்கிறதோ தெரியவில்லை!

இந்த மந்திரத்தில் மயங்கி இரண்டரை லட்ச ரூபாயைக் கோட்டை விட இருந்தார், தாம்பரத்தைச் சேர்ந்த 28 வயது வாலிபர் ஒருவர். புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் கூடப் போனதால் தப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அவர்களோடு சுற்றினேன். அதன் விவரம் வருமாறு:-

கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்க்கிறார் அந்த வாலிபர். சம்பளம் 32 ஆயிரம். தினமும் தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறுகிறவர்தான். ஆனால் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. ஓட்டினால் "போர்டு ஐகான்" ஓட்ட வேண்டும், அதிலும் 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின் வண்டிதான் வேண்டும்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. இந்த ஐகான் கார் 1999-ல் நம்ம மறைமலைநகர் ஆலையில்தான் பிறந்தது. வாலிபரின் தகப்பனார் அந்த ஆலையில் கதவு பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தவர். லாரியில் புது வண்டிகள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவர் மகன். 2022-ல் அந்த ஆலையில் கார் தயாரிப்பே நின்று விட்டது. ஆசை மட்டும் நிற்கவில்லை.

"ஐகான் ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தாழ்ந்த உடம்பு – அதுதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டிலும் "சான் ஸ்டார்ம்" என்று ஒரு குட்டி வண்டி வந்தது. கோவாவில் தயாரானது. பைபர் உடம்பு, துணிக் கூரை, 1.2 லிட்டர் ரெனால்ட் என்ஜின். ஆனால் தினம் ஆபீசுக்கு அதில் போவதென்றால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும்.

ஆகவே நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேறு பட்டியல். 90 குதிரைசக்திக்கு மேல் உள்ள ஐகான் 1.6. நூறு குதிரைசக்தி பியட் பாலியோ 1.6. 106 குதிரைசக்தி ஹோண்டா சிட்டி "விடெக்". பார்ப்பதற்கு வீட்டு வண்டி. மிதித்தால் சிறுத்தை! இன்னும் கொஞ்சம் காசு உள்ளவர்கள் 2015-ல் வந்த 145 குதிரைசக்தி அபார்த் புன்ட்டோ பக்கம் போவார்கள். கியர்பாக்ஸ் ரிப்பேர் செலவுக்கும் தெம்பு உள்ளவர்கள் போலோ ஜி.டி.யைத் தேடுவார்கள்.

நம்ம வாலிபர் கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம். அவ்வளவுதான். அது போனால் இன்னொரு சீட்டு முடிய நாலு வருஷம்.

"ரெண்டரையும் வண்டிக்குக் குடுக்காதே!"

மெக்கானிக்கைப் புதுப்பேட்டையில் எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வருஷமாக ஸ்பானர் பிடித்த கை. புறப்படுமுன் டீக்கடையில் வைத்து அவர் சொன்ன முதல் பாடம் இது:-

"தம்பி, ரெண்டரை லட்சம் இருக்குன்னா, ஒண்ணேகாலுக்கு மேல வண்டிக்குக் குடுக்காதே. மீதி வண்டியோட பசிக்கு. இருபது வருஷத்து வண்டி பசியோடதான் வீட்டுக்கு வரும். முதல் மூணு மாசம் டயர், கிளட்ச், ரேடியேட்டர்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அப்போ கையில காசு இல்லேன்னா, தெருவுல நிறுத்தி மூடி போட வேண்டியதுதான்."

கையில் அவர் எடுத்துக் கொண்ட சாமான்கள் மூன்று. ஒரு டார்ச். ஒரு பென்சில். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம், துணி சுற்றியது. "இது போதுமா பாய்?" என்று கேட்டேன். "மூக்கு இருக்கே!" என்றார். அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

முதல் வண்டி: சிவப்பு ராணி

மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய கார் விற்பனைக் கொட்டகை. அங்கே நின்றது ஒரு சிவப்பு ஐகான். கண்ணாடி போல பாலிஷ். புது சீட் கவர். உள்ளே மல்லிகை சென்ட் வாசனை. விலை ஒண்ணே முக்கால் லட்சம். மீட்டரில் 58 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

வாலிபர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு! அட்வான்சுக்குப் பர்சையே எடுத்து விட்டார்.

பாய் முதலில் பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டீரிங் வழுவழு என்று பளபளத்தது. "58 ஆயிரத்துல பெடல் இப்படித் தேயாது. மீட்டரைத் திருப்பியிருக்காங்க" என்றார் மெதுவாக.

அடுத்து டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரிகிற பாகம் சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளமும் அதன் போல்ட்டும் துருப்பிடித்திருந்தன. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். பள்ளத்தின் மூலையில் காய்ந்த வண்டல். கால் மிதியடியை விலக்கிக் குனிந்து மோந்து பார்த்தார். சென்ட்டுக்கு அடியில் சேற்று வாடை!

"வெள்ளத்துல குளிச்ச வண்டி தம்பி. சீட் மட்டம் வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு."

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் "மிக்ஜாம்" புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் தண்ணீரில் மிதந்தன. அப்படி நனைந்த வண்டியைக் காயவைத்துச் சிங்காரித்து விற்கிற ஆசாமிகளும் உண்டு. என்ஜினைக் கழற்றி மாட்டி விடலாம். ஆனால் ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் உள்ளுக்குள் அரித்துக் கொண்டே இருக்கும். ஓடும். ஒரு நாள் திடீரென்று கத்திப்பாரா மேம்பாலத்தில் நிற்கும்!

விற்பனையாளரிடம் கேட்டோம். "மழைன்னா எல்லா வண்டியும்தான் சார் நனையும்" என்றார் சிரித்துக் கொண்டே. வாலிபர் பர்சை உள்ளே வைத்தார்.

இரண்டாவது வண்டி: டில்லிப் பெண்

அடுத்தது ஒரு புரோக்கர் வீட்டு வாசல். வெள்ளை நிற ஹோண்டா சிட்டி "விடெக்". ஸ்டார்ட் செய்தால் என்ஜின் சங்கீதம் பாடியது. பாயே தலையாட்டினார். காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் ஓட்டினார். எல்லா இடத்திலும் கப்பென்று ஒட்டியது. ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். இதில் பட்டி இல்லை.

விலை 90 ஆயிரம்! சிட்டி விடெக் இந்த விலைக்கா?

கோளாறு வண்டியில் இல்லை. காகிதத்தில் இருந்தது. நம்பர் பிளேட்டில் "டி.எல்." என்று இருந்தது. டில்லி வண்டி.

டில்லி வட்டாரத்தில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும், 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அங்கே விலை விழுந்தது. அந்த வண்டிகள் தெற்கே வந்து சேர்ந்தன. இப்படி வருகிற வண்டியெல்லாம் திருட்டு வண்டி அல்ல. முறைப்படி வந்தால் நல்ல வண்டிதான். ஆனால் முறை என்ன?

அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருப்பதென்றால் தமிழ்நாட்டு நம்பர் எடுத்தாக வேண்டும். இங்கே சாலை வரியும் புதிதாகக் கட்ட வேண்டும். 90 ஆயிரம் வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் அதன் உண்மை விலை தெரியும்.

புரோக்கர் காட்டிய ஆர்.சி.யை நான் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு பேங்கின் பெயர் அப்படியே இருந்தது. கடன் அடைத்ததற்கான பேங்க் கடிதமும் இல்லை; ரத்து செய்வதற்கான 35-ம் நம்பர் படிவமும் இல்லை. ஆர்.சி.யில் உள்ள சொந்தக்காரர் எங்கே என்றால், "அவர் நார்த்துல இருக்காரு சார். வெத்து பாரத்துல கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்" என்றார்.

பாய் பென்சிலை எடுத்தார். என்ஜின் அறையில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பர் மீது காகிதத்தை வைத்துத் தேய்த்தார். நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தியது. அந்த மட்டில் சரி. "ஆனா கடன் யாரோடது, ஆள் யாருன்னு தெரியாத வண்டியை நான் தொட மாட்டேன்" என்று நடையைக் கட்டினார்.

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். வண்டி நம்பரை "எம்-பரிவாகன்" செயலியில் போட்டால் பதிவு எதுவரை செல்லும், கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். அபராத பாக்கியையும் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் "வாகன் சமன்வய்" இருக்கிறது. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் கொடுத்துப் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் லட்ச ரூபாயைக் கொடுத்து விட்டு, பிறகு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வண்டி: வெளுத்த நீலம்

மாலை நாலு மணி. நங்கநல்லூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. 2004-ம் வருஷத்து ஐகான் 1.6. நீல நிறம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. முன் பம்பரில் கீறல். டயரில் வெடிப்பு. வாலிபர் முகம் சுண்டி விட்டது.

ஆசிரியர் ஒரு பழைய பைலைக் கொண்டு வந்து வைத்தார். இருபது வருஷத்து சர்வீஸ் பில்லும் தேதி வாரியாக இருந்தது! ஆயில் மாற்றியது, பேட்டரி மாற்றியது, எல்லாம்.

பாய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. "நல்லது. நாம வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணி வைக்கலை" என்றார். சூடான என்ஜின் தன் வியாதியை மறைக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் பெட்ரோலைக் கொட்டுகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் இறங்குகிறது. இந்த வண்டியில் எதுவும் இல்லை.

ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். மோர் போல நுரை இல்லை. ஏ.சி.யைப் போட்டு இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட விட்டார். சூடு முள் பாதியில் நின்றது. பேன் சுற்றியது. ஆனால் டார்ச்சில் ஒன்று சிக்கியது. தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் மயிரிழை விரிசல், ஓரத்தில் காய்ந்த தண்ணீர்க் கறை. "இந்த வண்டிக்கு இது பிறவி வியாதி. மாத்திட்டா சரி. மாத்தாம ஓட்டினா ஹெட் வளைஞ்சுடும்."

அடியில் படுத்துப் பார்த்தார். ஜாக்கி வைக்கும் இடமும் தரைத் தகடும் கெட்டி. முன்பக்க ஷாக் அப்சார்பர் கசிவு. கிளட்ச் உயரத்தில் பிடித்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். "3516" என்றிருந்தது. 2016-ம் வருஷம் 35-வது வாரம் செய்த டயர். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் செத்து விட்டது.

எழுந்து கையைத் துடைத்துக் கொண்டே சொன்னார்: "தம்பி, இந்த வண்டியில கெட்டது எல்லாம் கடையில விக்குது. அந்தச் சிவப்பு வண்டியில கெட்டது கடையில விக்காது. இதை எடு."

கேட்ட விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பைசலான விலை 95 ஆயிரம்.

பெயர் மாற்றினால்தான் சாவி!

இங்கேதான் ஆசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, பணம் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம். பெயர் மாற்ற மனுக் கொடுத்த பிறகுதான் சாவி."

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒருவர் 2007-ல் காரை விற்று விட்டார். அது பல கை மாறியது. 2009-ல் விபத்து. ஆனால் ஆர்.சி.யில் முதல் ஆசாமியின் பெயரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சொல்லி விட்டது கோர்ட்டு. வண்டியை விற்றுப் பணத்தையும் செலவழித்த பிறகு வந்த வினை!

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் மனுச் செய்ய வேண்டும். 29, 30-ம் நம்பர் படிவங்கள்தான் இதற்கு. இன்சூரன்சையும் 14 நாளில் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆர்.சி.யில் "எதுவரை செல்லும்" என்ற தேதியைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

செலவுக் கணக்கு

வாலிபர் தன் நோட்டில் எழுதிய கணக்கை அவர் அனுமதியோடு தருகிறேன்:-

வண்டி 95 ஆயிரம். டயர் நான்கு 17 ஆயிரம். ஷாக் அப்சார்பர் 14 ஆயிரம். கிளட்ச் 9 ஆயிரம். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர்க் குழாய் 11 ஆயிரம். பிரேக் 6 ஆயிரம். பெட்ரோல் பம்பும் ரப்பர் குழாய்களும் 7 ஆயிரம். கூலி 12 ஆயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து 71 ஆயிரம். சில பாகம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக, சில பாகம் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கியவை.

பெட்ரோல் குழாயை ஏன் மாற்ற வேண்டும்? பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொல்லியிருக்கிறது. "பழைய குழாய் கசிஞ்சா சூடான என்ஜின் மேல சொட்டும். இதுல மிச்சம் பிடிக்காதே" என்று பாய் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

இன்சூரன்சில் ஒரு சூட்சுமம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 7,897 ரூபாய். ஆயிரத்துக்கு மேல் 1500 வரை என்றால் 3,416 ரூபாய்தான். வரி தனி. ஐகான் 1.6 முதல் ரகம். சிட்டி விடெக் இரண்டாவது ரகம். வாங்குமுன் இதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாம் போக ஏறக்குறைய 65 ஆயிரம் மிச்சம். அது போஸ்டாபீசில் இருக்கிறது. வண்டிக்கு என்று தனிக் கணக்கு.

வாலிபருக்கு ஒரு சபலம் இருந்தது. "டமடம" என்று சத்தம் போடுகிற சைலன்சர் மாட்ட வேண்டும், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்த வேண்டும் என்றார். பாய் முறைத்தார். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது சட்ட விரோதம். சத்தத்துக்குப் போலீசார் 10 ஆயிரம் ரூபாய் வரை தீட்டலாம். தாழ்த்திய வண்டி நம்ம ஊர் வேகத்தடையில் வயிற்றைத் தேய்த்துக் கொண்டு நிற்கும். ஆசை அடங்கியது.

தினம் போக முடிகிறதா?

முதல் மாதம் தினமும் காரில்தான் கிண்டி போனார். போக வர 32 கிலோமீட்டர். டிராபிக்கில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கொடுத்தது. நாளைக்கு 320 ரூபாய், மாதம் 8 ஆயிரம். சம்பளத்தில் கால் பங்கு!

இப்போது வாரம் மூன்று நாள் கார், மூன்று நாள் ரெயில். சீசன் டிக்கெட்டை விடவில்லை. "விடாதே. பழைய வண்டிக்காரனுக்கு ரெயில் பாஸ்தான் ஸ்டெப்னி" என்கிறார் பாய். ஞாயிறு விடியற்காலை மட்டும் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு ஓட்டம். மூன்றாவது கியரில் என்ஜின் இழுக்கிற இழுப்புக்கு அந்த 8 ஆயிரத்தில் பாதி போனாலும் வருத்தம் இல்லை என்கிறார்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று தகப்பனார் வெளியே வரவேயில்லையாம். "சீட்டுப் பணத்தைத் தகரத்துல போட்டுட்டான்" என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு வாசல் பக்கம் சத்தம் கேட்டு வாலிபர் எழுந்து பார்த்தார். தகப்பனார் நின்று கொண்டிருந்தார். கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தார். திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்து மூடினார்.

"இருபது வருஷம் ஆச்சு. கதவு இன்னும் சரியா விழுதுடா" என்றார்.

மறுநாள் காலை வண்டியைத் துடைத்து வைத்தவர் அவர்தான். இன்று வரை அவர்தான் துடைக்கிறார்.